கார்ட்லெஸ் டிரில் பேட்டரி சீக்கிரம் சாவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்ட்லெஸ் டிரில், இம்பாக்ட் டிரைவர் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார்: "மெஷின் நல்லாத்தான் இருக்கு, பேட்டரில சார்ஜ் நிக்கல." பல நேரம் குறை பேட்டரியில் இல்லை. பழைய பேட்டரிகளுக்குச் சரியாக இருந்த பழக்கங்களை லித்தியம் பேட்டரிக்கும் செய்வதால் வரும் வினை இது.

முதல் தவறு, "சுத்தமா இறங்கட்டும், அப்புறம் சார்ஜ் போடலாம்" என்பது. நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்த காலத்துப் பேச்சு அது. லித்தியம் அயனுக்கு நேர்மாறு. 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக இருக்கும். ஒரு செல் 2.5 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே போய் அப்படியே கிடந்தால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். டிரில் வேகம் குறைவது தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். நின்ற பிறகும் டிரிக்கரை அழுத்தி அழுத்தி இன்னும் ரெண்டு ஸ்க்ரூ ஏற்றப் பார்க்க வேண்டாம்.

சார்ஜரே ஏற்காத அளவுக்குச் செத்த பேட்டரியை, நல்ல பேட்டரியோடு ஒயர் போட்டு "எழுப்பும்" வித்தையை வீடியோக்களில் காட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சார்ஜர் மறுப்பது பெரும்பாலும் இந்த ஆபத்தை உணர்ந்துதான்.

அடுத்தது சூடு. நம் ஊரில் பேட்டரியை அதிகம் கொல்வது இதுதான் என்பேன். கான்கிரீட்டில் வரிசையாகத் துளை போட்டு முடித்ததும் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அதை உடனே சார்ஜரில் செருகுவார்கள். பெரும்பாலான கம்பெனிகள் சார்ஜ் போடச் சொல்லும் உச்ச வெப்பம் 40 முதல் 45 டிகிரி வரைதான். நல்ல சார்ஜர் என்றால் விளக்கை மினுக்கிக்கொண்டு, சூடு தணியும்வரை காத்திருக்கும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் பிடுங்கிச் செருக வேண்டாம். நிழலில், காற்றுப் படும்படி அரை மணி நேரம் வையுங்கள். அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைத்தால், வெளியே எடுக்கும்போது உள்ளே ஈரம் கோத்து சர்க்யூட் போர்டு அரிக்கும்.

முழு சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் மோசம். காலையில் முழுசாக ஏற்றிய பேட்டரியை பைக் பெட்டியிலோ பூட்டிய வேனிலோ போட்டு, மே மாத வெயிலில் நாள் முழுக்க நிறுத்தினால், செல்லின் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். குறைந்தது திரும்பி வராது. தகரக் கொட்டகையில் வைப்பதும் இதே கதைதான்.

மாதக்கணக்கில் வேலை இல்லையென்றால் எப்படி வைப்பது? இன்வெர்ட்டர் பேட்டரியை முழு சார்ஜில் வைத்துப் பழகியவர்கள் இதையும் முழுசாக ஏற்றி அலமாரியில் வைக்கிறார்கள். இன்வெர்ட்டரில் இருப்பது ஈயம், அதற்கு முழு சார்ஜ்தான் நல்லது. லித்தியத்துக்குப் பாதி சார்ஜ் போதும். பேட்டரியில் சார்ஜ் காட்டும் விளக்கு நான்கு இருந்தால் இரண்டு எரிய வேண்டும். மல்டிமீட்டரில் 18 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 18 முதல் 18.5 காட்டினால் சரி. மெஷினிலிருந்து கழற்றி, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

சார்ஜர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21 வோல்ட். கடையில் "21 வோல்ட்", "20 வோல்ட் மேக்ஸ்" என்று விற்பதும் பெரும்பாலும் இதே ஐந்து செல் பேட்டரிதான். "48விஎஃப்", "88விஎஃப்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய பலவற்றைப் பிரித்தாலும் அதே ஐந்துதான் இருக்கும். ஸ்டிக்கரை நம்பி வேறு சார்ஜர் தேடாதீர்கள். பின் பொருந்துகிறதே என்று 24 வோல்ட் அடாப்டரைச் செருகினால் செல் அளவுக்கு மீறி ஏறித் தீப்பிடிக்கலாம். விலை குறைந்த செட்டோடு வரும் அடாப்டர்கள் பலவற்றில் பேட்டரியின் சூட்டைப் பார்க்கும் வசதி கிடையாது. அவற்றை இரவில் செருகிவிட்டுத் தூங்காதீர்கள். மெத்தை, அட்டைப்பெட்டி, மரத்தூள் பக்கத்தில் இல்லாமல், கண்ணில் படும் இடத்தில் சிமெண்ட் தரையில் வைத்துப் போடுங்கள்.

ஆணி, ஸ்க்ரூ கிடக்கும் பையில் பேட்டரியை மூடியில்லாமல் போடுவதையும் விட வேண்டும். ஒரே ஒரு ஸ்க்ரூ இரண்டு முனையையும் தொட்டால் பழுக்கக் காய்ந்துவிடும்.

கீழே விழுந்து உடைந்த பேட்டரி, தண்ணீரில் மூழ்கிய பேட்டரி, விநோதமான வாடை வரும் பேட்டரி எதையும் சார்ஜ் போட்டுச் சோதிக்காதீர்கள். ஃபோன் பேட்டரி போல இது உப்பிக் காட்டாது; உள்ளே இருப்பவை பெரும்பாலும் இரும்பு உறை போட்ட உருளைச் செல்கள். இப்படிக் கெட்ட பேட்டரியை வீட்டுக்கு வெளியே வைத்து, முனைகளில் டேப் ஒட்டுங்கள். குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ போடாமல், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு வாங்கும் இடத்திலோ கேளுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.