மைல் கார்டில் கோட்டை விடும் இடங்கள்: புதுச்சேரி, கடலூர் வீட்டுக் கணக்கு

செலவு செய்யச் செய்ய, விமான டிக்கெட்டாக மாற்றக்கூடிய மைல் என்ற புள்ளிகளைத் தரும் கிரெடிட் கார்டுதான் மைல் கார்டு. அந்தக் கார்டை முதலில் வாங்கிவிட்டு, மைல் சேர்ந்த பிறகு எங்கே போகலாம் என்று யோசிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. யார் வீட்டுக்கு, எந்த ஊருக்கு, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை போகிறோம் என்று முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். அதிலிருந்து எந்த விமான நிறுவனம் என்று தெரியும். கார்டு கடைசியில் வரும் விஷயம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சின்ன ஏடிஆர் விமானம் விட ஆரம்பித்தது. மற்ற எல்லாவற்றுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர் ஓடி மீனம்பாக்கம்தான். அதனால் "உள்நாட்டு விமானத்துக்கு மைல் சேர்க்கிறேன்" என்பவர், சென்னைக்குப் போய்வரும் டாக்ஸி வாடகையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ரயிலில் போகக்கூடிய ஊருக்கு இலவச டிக்கெட் எடுத்து, டாக்ஸிக்கு அதைவிட அதிகம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாடு என்றால் கதை வேறு. பிள்ளை சிங்கப்பூரில் இருந்தால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல் நேராக உதவும். புதுச்சேரியில் பாதித் தெருக்களில் பாரிஸில் சொந்தம் இருக்கும் வீடு ஒன்றாவது உண்டு. அவர்கள் பெரும்பாலும் துபாய், தோஹா, லண்டன், பிராங்க்பர்ட் என எங்காவது மாறித்தான் போகிறார்கள். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: ஒரு நிறுவனத்தின் மைலை அதே கூட்டணியில் உள்ள வேறு நிறுவனத்தின் விமானத்திலும் பயன்படுத்தலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா, லுஃப்தான்சா மூன்றும் ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணி. கத்தார் ஏர்வேஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒன்வேர்ல்டு. இரண்டிலும் மைலுக்குப் பெயர் ஏவியோஸ்தான். ஏர் பிரான்ஸும் கேஎல்எம்மும் ஸ்கைடீம். அவற்றின் மைல் திட்டம் ஃப்ளையிங் புளூ. எமிரேட்ஸும் இண்டிகோவும் எந்தக் கூட்டணியிலும் இல்லை. "சிங்கப்பூருக்கு நான் போகவே மாட்டேன், கிரிஸ்ஃப்ளையர் எதற்கு" என்று ஒருவர் ஒதுக்கிவிடுவார். அதே மைலில் லுஃப்தான்சா டிக்கெட் எடுத்து பிராங்க்பர்ட் வழியாகப் பாரிஸ் போகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

எந்தச் செலவுக்கு மைல் வராது?

விளம்பரத்தில் "அன்றாடச் செலவுக்கெல்லாம் மைல்" என்று போட்டிருப்பார்கள். நம் அன்றாடச் செலவு என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலியார்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் நாலு பேர் குடும்பம், மாதம் 50,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 14,000. பள்ளிக்கூட ஃபீஸ் மாதக் கணக்கில் பிரித்தால் 9,000. மீன், காய்கறி, பால், பூ 9,000. கரண்ட், கேஸ், இன்டர்நெட் 3,500. பெட்ரோல் 3,000. இன்சூரன்ஸ் 3,000. ஆக 41,500 போய்விட்டது. மிச்சம் 8,500 ரூபாய்தான் சூப்பர் மார்க்கெட், துணி, ஆன்லைன், ஓட்டல் என்று கார்டில் சுத்தமாக விழும்.

ஏனென்றால் மைல் தரும் கார்டுகள் பலவற்றில் வாடகை, பெட்ரோல், கரண்ட் பில், இன்சூரன்ஸ், அரசுக்குக் கட்டும் வரி, வாலட்டில் பணம் ஏற்றுவது ஆகியவற்றுக்குப் பாயிண்ட் கிடையாது, அல்லது மாத உச்சவரம்பு உண்டு. பள்ளிக்கூட ஃபீஸை ஆப் வழியாகக் கட்டினால் தனிக் கட்டணம் போடும் வங்கிகளும் உண்டு. மீன், காய்கறி விற்கும் இடத்தில் கார்டு மெஷினே இருக்காது, அதைப் பிறகு பார்ப்போம். வீட்டு வாடகையை ஆப்பில் கார்டு போட்டு அனுப்பும் பழக்கம் கொஞ்ச நாள் கொடிகட்டிப் பறந்தது. பிறகு வங்கிகள் பாயிண்டை நிறுத்தின, 1 சதவீதம் கட்டணமும் போட்டன. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்ததும் பெரிய ஆப்கள் அந்த வசதியையே எடுத்துவிட்டன. பழைய வீடியோவைப் பார்த்து யாராவது உங்களுக்கு அந்த வழியைச் சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள்.

இப்போது மைல் கணக்கு. 100 ரூபாய்க்கு 2 மைல் தரும் கார்டு என்றால் 8,500 ரூபாய்க்கு மாதம் 170 மைல், வருடம் 2,040. ஆண்டுக் கட்டணம் 5,000, அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்து 5,900. ஒரு மைல் ஏறக்குறைய 2 ரூபாய் 90 காசு விழுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். முதல் வருடம் சேரும்போது தரும் போனஸ் மைல் இதை மறைத்துவிடும். இரண்டாம் வருடக் கட்டணம் ஸ்டேட்மெண்டில் வரும்போதுதான் கண் திறக்கும். இந்தக் குடும்பத்துக்கு மைல் கார்டே வேண்டாம், செலவில் ஒரு பங்கைக் காசாகவே திருப்பித் தரும், கட்டணமில்லாத கேஷ்பேக் கார்டு போதும் என்பது என் கட்சி. ஆன்லைனிலும் ஓட்டலிலும் பயணத்திலும் மாதம் முப்பது நாற்பதாயிரம் கார்டில் போடும் வீடு என்றால் அது வேறு பேச்சு.

பெட்ரோல் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கடலூர்க்காரர்கள் முள்ளோடை எல்லை தாண்டி புதுச்சேரிக்கு வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போவது விலை குறைவு என்பதற்காக. அது நியாயமான லாபம். கார்டில் போட்டால் மைலும் வரும் என்பது பெரும்பாலும் வெறும் நம்பிக்கை. பங்கில் கார்டு தேய்த்தால் 1 சதவீத சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) பிடித்துவிட்டுப் பிறகு திருப்பித் தருவார்கள். அந்தச் சலுகைக்கும் குறைந்தபட்ச பில் தொகை, அதிகபட்ச தொகை என்று எல்லை உண்டு. திருப்பித் தரும்போது ஜிஎஸ்டி திரும்பாது.

நகையும் அப்படித்தான். நேரு வீதியில் கடை ஏறி இறங்கி நெக்லஸ் பேசி முடிக்கும்போது "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேரும் அண்ணே" என்பார்கள். 2 லட்சத்துக்கு 4,000 ரூபாய். நகைக்குப் பாயிண்டே தராத மைல் கார்டுகள் பல இருக்கின்றன. அந்த விதியைப் படிக்காமல் தேய்த்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

கியூஆர் முன்னால் நிற்கும்போது

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா வரைக்கும் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். கார்டு தேய்க்கும் மெஷின் இருக்காது. யூபிஐயில் இணைத்துப் பயன்படுத்தக்கூடிய கிரெடிட் கார்டு ரூபே மட்டுமே. விமான நிறுவனப் பெயர் போட்ட கார்டுகளில் நிறைய விசா, மாஸ்டர்கார்டு வகை; அவை இந்த கியூஆரில் வேலை செய்யாது. ரூபே கார்டு வைத்திருந்தாலும் கடைக்காரரின் சொந்த வங்கிக் கணக்கில் இணைத்த கியூஆருக்குப் பணம் போகாது, வணிகக் கணக்கு கியூஆராக இருக்க வேண்டும். அந்த அம்மாவுடையது பெரும்பாலும் மகனின் நம்பர். இதற்காக அவரிடம் வேறு கியூஆர் கேட்டு நின்றால் வாளை மீன் உங்களுக்கு முன்னால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

எனவே கார்டு தேர்ந்தெடுக்கும் முன், போன மாத ஜிபே வரலாற்றைத் திறந்து, எவ்வளவு தொகை கியூஆரில் போயிருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைதான் பெரும்பங்கு என்றால் விசா மைல் கார்டால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை.

இன்னொரு ஓட்டை, துண்டு ரூபாய். "150 ரூபாய்க்கு 2 பாயிண்ட்" என்றால் ஒவ்வொரு பில்லிலும் முழு 150களை மட்டும் எண்ணுவார்கள். 290 ரூபாய் பில்லில் 140 ரூபாய்க்கு ஒன்றும் கிடைக்காது. சின்னச் சின்ன பில் போடும் வீட்டுக்கு, 100 ரூபாயை அடிப்படையாக வைத்த கார்டுதான் லாபம்.

கடைக்கு ஒரு நாலு இலக்கக் குறியீடு உண்டு. வங்கி அதைத்தான் பார்க்கும், பெயர்ப் பலகையைப் பார்க்காது. மளிகைக்கு 5411, கரண்ட் போன்ற சேவைகளுக்கு 4900, வாடகைக்கு 6513, நகைக்கு 5944. கடைக்காரர் மெஷின் வாங்கும்போது எந்த வகையில் பதிந்தாரோ அதுதான். பெரிய தொகை போடும் இடத்தில் முதலில் சின்ன பில் ஒன்று போட்டு, நாலைந்து நாள் கழித்து ஆப்பில் பாயிண்ட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கஸ்டமர் கேரில் கேட்பதைவிட இது நம்பகமானது.

பாயிண்ட் வேறு, மைல் வேறு

"100 ரூபாய்க்கு 4 பாயிண்ட்" என்று ஒரு கார்டு, "100 ரூபாய்க்கு 2 மைல்" என்று இன்னொன்று. முதலாவதுதான் பெரியது என்று நமக்குத் தோன்றும். அந்த வங்கி 4 பாயிண்டுக்கு 1 மைல் என்று மாற்றினால் 100 ரூபாய்க்கு ஒரே மைல். மாற்று விகிதத்தைக் கேட்காமல் பாயிண்ட் எண்ணிக்கையைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சின்னக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சில வங்கிகளில் உண்டு. வருடத்துக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்ற வரம்பும் உண்டு.

ஒரே விமான நிறுவனத்துடன் கட்டிப்போட்ட கார்டா, பல நிறுவனங்களுக்கு மாற்றக்கூடிய பாயிண்ட் தரும் கார்டா என்ற கேள்விக்கு நான் இரண்டாவது பக்கம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தது. விஸ்தாரா பாயிண்ட் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு ஒன்றுக்கு ஒன்றாக வந்து சேர்ந்தது உண்மைதான். ஆனால் விஸ்தாரா கார்டுகளை எந்தச் சலுகைக்காக வாங்கினார்களோ அது பழையபடி இல்லை. ஏர் இந்தியா தன் திட்டத்துக்கே மகாராஜா கிளப் என்று புதுப் பெயர் வைத்தது. வங்கியில் பாயிண்டாக இருந்தால் ஒரு கதவு மூடினாலும் இன்னொன்று இருக்கும்.

அதே காரணத்துக்காக, டிக்கெட் கண்ணில் படாமல் பாயிண்டை மைலாக மாற்றாதீர்கள். மாற்றினால் மாற்றியதுதான், வங்கிக்குத் திரும்பாது. கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம். முதலில் அந்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் தேதிக்கு மைலில் எடுக்கும் இருக்கை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றுங்கள். சில வங்கியிலிருந்து உடனே போகும், சிலவற்றில் நாள்கணக்கில் ஆகும், அதற்குள் இருக்கை போய்விடலாம். மே மாத விடுமுறைக்கும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மைல் இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும் வீடு இதை மனதில் வைத்துத்தான் கார்டு வாங்க வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் இந்த விஷயத்தில் பாக்கியசாலிகள், பிப்ரவரியில் போய்விட்டு வரலாம்.

மைல் டிக்கெட் என்றால் இலவசம் என்று நினைப்பதும் ஒரு தவறு. விமான நிலைய வரி, சில நிறுவனங்கள் போடும் கேரியர் கட்டணம் எல்லாம் காசாகக் கட்ட வேண்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் இது கனமாகவே இருக்கும். ஆகவே மைலின் விலையை இப்படிப் பாருங்கள்: அதே டிக்கெட் காசுக்கு 14,000 ரூபாய், மைலில் எடுத்தால் 20,000 மைலும் வரியாக 5,000 ரூபாயும் என்றால், நீங்கள் மிச்சப்படுத்தியது 9,000. ஒரு மைல் 45 காசு. 100 ரூபாய்க்கு 2 மைல் என்பது அப்போது 90 காசுதான். 1 சதவீத கேஷ்பேக் கார்டே அதைத் தாண்டிவிட்டது. எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். பிசினஸ் வகுப்பில் ஒரு மைலுக்கு ஒன்றரை, இரண்டு ரூபாய்கூடக் கிடைக்கலாம். காசு கொடுத்து ஒருநாளும் பிசினஸ் வகுப்பில் ஏறமாட்டீர்கள் என்றால் அந்த மதிப்பைக் காகிதத்தில் எழுதி மகிழ்வதில் பயனில்லை.

மீதி இரண்டு மூன்று

பில்லில் மினிமம் டியூ என்று போடும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் பழக்கம் இருந்தால் மைல் பேச்சையே விட்டுவிடலாம். 30,000 ரூபாய் பில்லில் 1,500 கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப்போட்டால், மாதம் 3.75 சதவீத வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து ஒரே மாதத்தில் 1,200 ரூபாய்க்கு மேல். அந்த 30,000 ரூபாய் கொடுத்த 600 மைல், மேலே சொன்ன கணக்கில் 270 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வெளிநாடு போனதும் அதே கார்டைத் தேய்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. வழக்கமான 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணம், ஜிஎஸ்டியோடு 4.13 சதவீதம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் முஸ்தபா கடையில் 50,000 ரூபாய்க்கு வாங்கினால் 2,065 ரூபாய் அங்கேயே போச்சு. செலாவணிக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றைப் பயணத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

"இன்னும் 18,000 செலவு செய்தால் போனஸ் மைல்" என்று செய்தி வந்ததும் ஃப்ரிட்ஜ் மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். ஃப்ரிட்ஜ் ஓடுகிறதென்றால் ஓடட்டும்.

கார்டு ஒத்துவரவில்லை என்று மூடும்போது, மூடச் சொல்லும் முன்பே பாயிண்டை எடுத்துவிடுங்கள். வங்கியில் இருக்கும் பாயிண்ட் கார்டோடு போய்விடும். ஏற்கெனவே விமான நிறுவனக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்த மைல் போகாது. பாக்கி முழுக்கக் கட்டியிருந்தால் 7 வேலை நாளுக்குள் மூடித்தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. போனில் சொன்னதோடு விடாமல் மின்னஞ்சலும் அனுப்பி, பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் மாதத்துக்கு ஒரு மாதம் முன்பே இதை ஆரம்பித்துவிட வேண்டும்.