கோப்புகளை மட்டும் மலையேற்றினால் கூட்டம் குறையாது: புது ஊர் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் நீலகிரியில் எங்கள் வீட்டுக்கு வரும் சென்னைச் சொந்தக்காரர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் இருந்ததில்லை: "பேசாம தலைநகரையே இந்தப் பக்கம் கொண்டு வந்துடலாம். சென்னையும் கொஞ்சம் மூச்சு விடும்." இதைச் சொல்லும் அதே மனிதரின் வண்டி அன்று காலை மலைப்பாதையில் பர்லியாறு வளைவில் ஒரு மணி நேரம் நகராமல் நின்றிருக்கும்.

யோசனை புதிதல்ல. 1980களில் எம்.ஜி.ஆர். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றலாம் என்று பேசினார். அதற்கும் நூறு வருடம் முன்பே எங்கள் மலை அந்த வேஷத்தைக் கட்டிப் பார்த்துவிட்டது. 1870களிலிருந்து வெயில் காலம் வந்தால் மதராஸ் அரசாங்கமே ஊட்டிக்கு ஏறிவிடும். கவர்னர், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், பெட்டி பெட்டியாகக் கோப்புகள். மலை ரயில் குன்னூருக்கு வந்ததே 1899இல்தான், ஊட்டிக்கு 1908இல். அதற்கு முன் எல்லாம் மாட்டு வண்டியும் குதிரையும் ஆள் தோளும்.

சரி, அதனால் மதராஸ் இளைத்ததா? இல்லை. துறைமுகம் அங்கேயே இருந்தது. ஆலைகள், கல்லூரிகள், மண்டிக் கடைகள் எல்லாம் அங்கேயே இருந்தன. கிராமத்திலிருந்து பிழைக்கப் போனவன் கவர்னரைத் தேடிப் போகவில்லை, வேலையைத் தேடிப் போனான்.

உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யப்படும் முதல் தவறு இதுதான். தலைநகரை மாற்றுவது ஒரு காரியம், நெரிசலைக் குறைப்பது வேறு காரியம். இரண்டையும் ஒரே திட்டமாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரேசில் 1960இல் கடலோர ரியோவை விட்டுவிட்டு, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே பிரேசிலியாவுக்குப் போனது. அன்று ரியோ நகரில் சுமார் 33 லட்சம் பேர். 2022 கணக்கெடுப்பில் 62 லட்சம். நைஜீரியா 1976இல் முடிவெடுத்து, 1991 டிசம்பரில் லாகோஸிலிருந்து அபுஜாவுக்கு மாறியது. லாகோஸ் இன்னும் வீங்கிக்கொண்டேதான் இருக்கிறது. பெலிஸ் நாட்டில் 1961இல் புயல் கடலோரத் தலைநகரைச் சின்னாபின்னமாக்கியது. 1970இல் உள்ளே பெல்மோபன் என்று ஒரு புது ஊருக்குப் போனார்கள். இன்றும் அந்த நாட்டில் பெரிய ஊர் பழைய கடலோர ஊர்தான்.

புயலுக்குப் பயந்தோ, நாட்டின் நடுவில் இருக்கட்டும் என்றோ தலைநகரை மாற்றலாம். அவை நியாயமான காரணங்கள். நெரிசல் குறையும் என்று மட்டும் சொல்லி ஓட்டுக் கேட்கக் கூடாது.

அடுத்த தவறு எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. அதிகாரியை எண்ணுவார்கள், அதிகாரிக்குப் பின்னால் வருகிறவர்களை எண்ண மாட்டார்கள்.

எங்கள் தெரு முனையில் ஒரு தங்கும் விடுதி கட்டினார்கள். வரைபடத்தைத் தள்ளி நின்று நானும் பார்த்தேன். நாற்பது அறை, கார் நிறுத்த இடம், மொட்டை மாடியில் நெருப்பு மூட்டிக் குளிர்காய ஒரு மூலை. எல்லாம் இருந்தது. படுக்கை விரிப்பு மாற்றுகிற, பாத்திரம் கழுவுகிற, இரவுக் காவல் இருக்கிற இருபது பேர் எங்கே தங்குவார்கள் என்பதற்கு அதில் ஒரு கோடுகூட இல்லை. இப்போது அவர்கள் கீழேயுள்ள லைன் வீடுகளிலிருந்து காலையின் முதல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். சாயங்காலம் மூடுபனியில் ஆறு மணி பஸ்ஸை விட்டால் நடைதான். வீடு இன்னும் பக்கத்தில் வேண்டும் என்றவர்கள் ஓடை ஓரத்தில் தகரம் போட்டார்கள். அதை ஆக்கிரமிப்பு என்கிறோம். வரைபடத்தில் விட்டுப்போனவர்கள் தங்களைத் தாங்களே வரைந்துகொண்டார்கள் என்பதுதான் நடந்தது.

பிரேசிலியாவில் இதே கதை பத்தாயிரம் மடங்கு. லூசியோ கோஸ்டா போட்ட வரைபடம் மேலிருந்து பார்த்தால் விமானம் மாதிரி இருக்கும். உலகமே வாய் பிளந்தது. ஐந்து லட்சம் பேருக்கான ஊர். ஆனால் அதைக் கட்டியவர்கள் வறண்ட வடகிழக்கிலிருந்து லாரி ஏறி வந்த கூலிக்காரர்கள். வேலை முடிந்ததும் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள் என்பது எழுதாத கணக்கு. யார் திரும்புவார்? தலைநகர் திறப்பு விழாவுக்கு இரண்டு வருடம் முன்பே, 1958இல், அவர்களுக்காக தாகுவாதிங்கா என்று தள்ளி ஒரு ஊரை அரசே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. விமானம் பறக்கும் முன்பே துணை நகர் வந்துவிட்டது! 2022 கணக்கெடுப்பில் அந்தத் தலைநகர் மாவட்டத்தில் 28 லட்சம் பேர், அதில் பெரும்பாலோர் அந்த விமானத்துக்கு வெளியே வசிக்கிறார்கள். அபுஜாவிலும் நியான்யா, காரு என்று ஓரத்தில் இருக்கும் ஊர்களிலிருந்து விடியற்காலையில் வேன் பிடித்துத்தான் வேலைக்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

அப்புறம் தண்ணீர். மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரர் காலத்துச் சின்னக் குன்னூருக்காகக் கட்டிய ரேலியா அணையைப் பெரிதும் நம்பி இன்றைய குன்னூர் நிற்கிறது. கோடையில் குழாயில் காற்று வரும் சத்தத்தை வைத்தே எத்தனை நாள் பாக்கி என்று எங்கள் வீட்டில் சொல்லிவிடுவார்கள். கடலோர நகரத்துக்கு ஒரு கடைசி வழி உண்டு. ஏரி எல்லாம் வற்றினாலும் சென்னை மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கிக்கொள்கிறது, செலவு அதிகமானாலும். உள்நாட்டு ஊருக்கு அந்த வழி கிடையாது. மேட்டு நிலமாக இருந்தால் இன்னும் மோசம். அங்கே ஆறு இன்னும் ஓடையாகத்தான் இருக்கும். கடலிலிருந்து நெடுந்தூரம் உள்ளே, மேட்டில் உட்கார்ந்திருக்கும் பிரேசிலியா 2017, 2018இல் முறை வைத்துத் தண்ணீர் விட்டது.

வரும் தண்ணீரைப் பற்றியாவது யோசிக்கிறார்கள். போகும் தண்ணீரை யாரும் யோசிப்பதில்லை. அன்றைய கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் ஓடையை மறித்து ஊட்டி ஏரியை உண்டாக்கினார். ஊர் பெருத்தது. கழிவெல்லாம் கோடப்பமந்து கால்வாயில் இறங்கி அதே ஏரிக்குள் வந்தது. அங்கிருந்து காமராஜ் சாகர், அப்புறம் மோயாறு, கடைசியில் பவானிசாகர். மேலே இருப்பவன் கழுவியது கீழே இருப்பவன் குடத்துக்குப் போகிறது. பிரேசிலியாவிலும் அழகுக்காக அணை கட்டி ஒரு செயற்கை ஏரியை உண்டாக்கினார்கள், பரனோவா. சாக்கடை நீர் சேர்ந்து சேர்ந்து 1978இல் பாசி பூத்து, மீன் செத்து ஊரே நாறியது. பிறகுதான் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஊர் கட்டும் வரிசையில் சுத்திகரிப்பு நிலையம் கடைசி வரியில் இருந்தால், அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கும் இதே ரகம்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது, அதுவும் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி. மறு வருடக் கோடையில் ஊட்டிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். கணக்கு நல்ல கணக்குதான். ஊர் உண்டாகி இருநூறு வருடம் கழித்து வந்தது என்பதுதான் வருத்தம்.

"அங்கே யாருமே இல்லை, காலி நிலம்" என்ற பேச்சைக் கேட்டால் உடனே சந்தேகப்பட வேண்டும். ஊட்டியின் பழைய பெயரிலேயே ஒரு மந்து இருக்கிறது, நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் குடியிருப்பு. நிலம் தோடர்களுடையது என்று சல்லிவனே வாதாடினார், ஜெயிக்கவில்லை. அபுஜாவுக்குக் குறித்த இடத்திலும் குவாரி என்ற இனத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். ஆள் இல்லாத இடம்கூடச் சும்மா கிடப்பதில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து வாட்டில் என்னும் சீகை மரமும் பைனும் நட்டார்கள். அந்தப் புல்லும் சோலையும்தான் மழையைப் பிடித்து வைத்து வருடம் முழுக்க ஓடைக்கு விட்டுக்கொண்டிருந்தன. சரிவை வெட்டிக் கட்டினால் என்ன ஆகும் என்பதை 2009 நவம்பர் மழை காட்டிவிட்டது. ஒரே வாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். ஆகவே சென்னைச் சொந்தக்காரர்களே, தலைநகருக்கு வேறு இடம் பாருங்கள்.

ஒரே முதலாளியை நம்பி ஊர் கட்டுவதும் ஆபத்து. ஊட்டிக்குப் பக்கத்தில் இந்து நகர் அப்படி வந்த ஊர். மத்திய அரசின் பிலிம் தொழிற்சாலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு வெள்ளை பிலிமும் போன வழியில் அதுவும் போனது. அரசாங்கமும் ஒருவகை ஒற்றை முதலாளிதான். ஆந்திரத்தின் புதுத் தலைநகரான அமராவதிக்கு 2015இல் அடிக்கல் நாட்டி, முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் விவசாயிகளிடமிருந்து திரட்டினார்கள். 2019இல் ஆட்சி மாறியதும் கிரேன்கள் நின்றன, 2024இல் மறுபடி ஆட்சி மாறிய பிறகுதான் அசைந்தன. இடையில் நிலம் கொடுத்தவர்களுக்கு வயலும் இல்லை, நகரமும் இல்லை.

பாகிஸ்தான் கராச்சியை விட்டு உள்ளே போனபோது இஸ்லாமாபாத்தை ராவல்பிண்டியை ஒட்டிக் கட்டியது. புது ஊர் வளரும்வரை கடை, சந்தை, வாடகை வீடு எல்லாம் பழைய ஊர் கொடுத்தது. இது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. வெற்று நிலத்தில் கோடு போடுவதைவிட, திருச்சியோ சேலமோ மாதிரி ஏற்கெனவே உயிரோடு இருக்கும் ஊரின் தோளில் உட்காரலாம்.

அவசரமும் வேண்டாம். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெர்ராவுக்கு 1912 போட்டியில் ஜெயித்த கிரிஃபின் வரைபடத்தின் நடுவில் ஒரு ஏரி இருந்தது. நாடாளுமன்றம் 1927இல் குடிபோனது. ஏரி நிரம்பியது 1964இல். ஐம்பது வருடம் அந்தப் பள்ளத்தில் யாரும் அடுக்குமாடி கட்டிவிடவில்லை. நம் பக்கம் ஒரு பள்ளம் ஐந்து வருடம் சும்மா கிடந்தால் அதில் 'காட்டேஜ் விற்பனைக்கு' என்று பலகை வந்துவிடும்.