'சீஸி' என்றால் என்ன? எங்கே, எப்படிச் சொல்வது?

ஆங்கிலத் தொடர்களில் யாராவது உருகி உருகிப் பேசினால், பக்கத்தில் இருப்பவர் "தட்ஸ் ஸோ சீஸி" என்பார். இந்தச் சொல்லைப் படிப்படியாகப் பழகலாம்.

முதலில் உச்சரிப்பு. 'ஈஸி' என்று சொல்லிப் பாருங்கள். அதன் முன்னால் 'சாக்லேட்'டில் வரும் 'ச்' ஒலியைச் சேர்த்தால் போதும்.

அடுத்தது பொருள். பீட்ஸாவைச் சீஸி என்றால் சீஸ் தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம், அது பாராட்டு. பேச்சையோ படத்தையோ அப்படிச் சொன்னால் கதை வேறு. உணர்ச்சி அளவுக்கு மீறி வழிகிறது, அதுவும் பலர் சொல்லித் தேய்ந்துபோனது என்று பொருள். "சொர்க்கத்திலிருந்து விழுந்தபோது வலித்ததா?" என்பது ஆங்கிலத்தில் பெண்களிடம் பேச்சுக் கொடுக்க ஆண்கள் சொல்லும் பழைய வசனம். நீ தேவதை என்று சுற்றி வளைத்துச் சொல்கிறான். முதலில் சொன்னவனுக்கு அது அழகான கற்பனைதான். ஊரே சொன்ன பிறகு அது சீஸி லைன். தமிழில் 'வழிசல்' ஓரளவு நெருங்கி வரும்.

'சீஸி க்ரின்' என்றால் பல்லெல்லாம் தெரிய, வலிய வரவழைத்த சிரிப்பு.

மூன்றாவது, பலர் குழப்பிக்கொள்ளும் இடம்: 'கார்னி'. பழைய பாணி இசையைப் பட்டிக்காட்டுத்தனம் என்று மட்டம்தட்ட, 1930களில் அமெரிக்க இசைக்கலைஞர்கள் புழங்கிய சொல் இது. சோளத்தைக் குறிக்கும் 'கார்ன்'தான் இதன் வேர். இன்று நம் கடி ஜோக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. கடித்தால் கார்னி, வழிந்தால் சீஸி. இரண்டையும் மாற்றிச் சொல்பவர்களும் உண்டு, அது தவறில்லை.

இனி நீங்களே பேச வேண்டியது. தொடங்குவதற்கு எனக்கு மிகவும் பிடித்த வழி, உங்கள் பேச்சைப் பற்றி நீங்களே சொல்வது: "ஐ நோ திஸ் சவுண்ட்ஸ் சீஸி, பட் ஐ மிஸ் யூ எவ்ரி டே." கொஞ்சம் ஓவராகத் தெரியும், ஆனாலும் மனதாரச் சொல்கிறேன் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். கூச்சம் விலகி, அன்பு மட்டும் நிற்கும்.

அடுத்தவர் பேச்சைச் சொல்லும்போது கவனம் தேவை. நண்பர்களுக்குள் செல்லமாகச் சொல்லலாம். கல்யாண மேடையில் கண் கலங்கப் பேசிய மாமாவிடம் சொன்னால் மனசு நொந்துபோவார். இது பேச்சுவழக்குச் சொல் என்பதால் தேர்வுக் கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் வேண்டாம், அங்கே 'சென்டிமென்டல்' என்று எழுதுங்கள்.