மீன்பிடித் தொழில்நுட்பம் படிக்க ஆசையா? குளக்கட்டில் இருந்து தொடங்குங்கள்

“மீன் பிடிக்கிறதுக்கும் ஒரு படிப்பா?” வன்னியில் பல வீடுகளில் முதலில் வரும் கேள்வி இதுதான். வலை போடப் பட்டம் தேவையில்லை, உண்மைதான். ஆனால் ஒரு குளத்தில் எத்தனை குஞ்சு விடலாம், பிடித்த மீனைப் பழுதாகாமல் கொழும்பு வரை எப்படிக் கொண்டுபோகலாம், ஏற்றுமதி நண்டின் தரத்தை எப்படிச் சோதிக்கலாம் என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலைகளுக்கான படிப்பு இது.

படி 1: உங்கள் தண்ணீரைத் தெரிவு செய்யுங்கள்

நம்மிடம் கடல் இருக்கிறது. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்று களப்புகள் இருக்கின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களும் இருக்கின்றன. மூன்றுக்கும் மீனும் வேறு, தொழிலும் வேறு. புதிதாகத் தொடங்குபவருக்குக் குளம்தான் நல்லது என்பது என் கருத்து. கடலுக்குப் போக வள்ளமும் எரிபொருளும் வேண்டும், குளத்துக்குச் சைக்கிள் போதும்.

குளத்தில் வேலையும் இருக்கிறது. திலாப்பியா தானாகப் பெருகும். கட்லா, றோகு, மிரிகால் அப்படியில்லை. இவற்றுக்கு ஹோர்மோன் ஊசி போட்டு, குஞ்சு பொரிக்க வைத்து, விரல் அளவுக்கு வளர்த்துக் குளத்தில் விட வேண்டும்.

படி 2: பாடங்கள்

சாதாரண தரத்தில் நீருயிரின வளத் தொழினுட்பவியல் உங்கள் பாடசாலையில் இருந்தால் விடாதீர்கள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு பல வாசல்களைத் திறக்கும். தொழில்நுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியலும் பொருத்தமானது. கணக்கில் பயம் இருந்தால் இப்போதே போக்கிக்கொள்ளுங்கள், அடுத்த படி முழுக்கக் கணக்குத்தான்.

படி 3: ஒரு மீனை அளந்து பாருங்கள்

காலையில் தோணிகள் கரை சேரும் நேரத்துக்குக் குளக்கரைக்குப் போங்கள். “அண்ணை, ரெண்டு மூன்று மீன் அளந்து பாக்கலாமோ?” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வியாபாரிகள் நிறுத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் குறுக்கே நிற்காதீர்கள்.

அடிமட்டம், சின்னத் தராசு, கொப்பி போதும். திலாப்பியாவின் வாயை மூடி, மூக்கு நுனியில் இருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். நீளம் 20 சென்றிமீற்றர், எடை 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எடையை 100 ஆல் பெருக்கி, நீளத்தின் கனத்தால் (20 × 20 × 20) வகுங்கள்: 15,000 ÷ 8,000 = 1.875. இதற்கு உடல்நிலைக் குணகம் என்று பெயர். தனியாக ஓர் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே குளத்தில், அதே இனத்தில், மாதாமாதம் எடுத்துப் பாருங்கள். எண் இறங்கினால் மீன் மெலிகிறது. தீன் குறைந்திருக்கலாம், நெருக்கம் கூடியிருக்கலாம், அல்லது அண்மையில் முட்டையிட்டிருக்கலாம். எது என்று தேடுவதில்தான் படிப்பே இருக்கிறது.

வலைக்கண்ணையும் கேட்டு எழுதுங்கள். இலங்கையின் உள்நாட்டு நீர்நிலைகளில் 8.5 சென்றிமீற்றருக்குச் சிறிய கண்ணுள்ள செவுள்வலைக்குத் தடை. கண்ணை இழுத்துப் பிடித்துத்தான் அளக்க வேண்டும்.

படி 4: தண்ணீரைப் பாருங்கள்

பெயின்ற் வாளி மூடி ஒன்றை 20 சென்றிமீற்றர் வட்டமாக வெட்டி, நான்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசுங்கள். நடுவில் கயிறு கட்டி, அடியில் பாரம் தொங்கவிட்டால், தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கித் தட்டு தயார். நிழலான பக்கத்தில் மெல்ல இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். மீன் வளர்க்கும் குட்டையில் 30 முதல் 40 சென்றிமீற்றர் நல்ல அடையாளம். தண்ணீர் கடும்பச்சையாகி, தட்டு அதற்கு முன்பே மறைந்தால் பாசி மிதமிஞ்சிவிட்டது. இரவில் பாசியும் ஒட்சிசனை எடுக்கும், அதனால் விடியற்காலையில்தான் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

படி 5: ஐஸ்

றெஜிபோம் பெட்டியில் அடியில் ஐஸ், பிறகு மீன், மறுபடி ஐஸ். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வையுங்கள். சூரை, கெலவல்லா வகைகளை வெயிலில் விட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும், சமைத்தாலும் அது போகாது.

படி 6: எங்கே படிப்பது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் கடற்றொழில் விஞ்ஞானத் துறை இருக்கிறது. மாத்தறையில் றுகுணு பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனிப் பீடம் உண்டு. வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த வருடத்துப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை மட்டும் நம்புங்கள். பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகம் நடத்தும் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) பயிற்சிகளைப் பாருங்கள். விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் என்பதால், விடுமுறையில் ஆங்கிலத்தைக் கொஞ்சம் தேய்த்து வைப்பது நல்லது.

படி 7: வேலை

அரசில் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களமும், நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையும், ஆராய்ச்சிக்கு நாரா என்ற தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. அரச வேலையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நண்டு பதனிடும் இடங்கள், இறால் பண்ணைகள், பூநகரிப் பக்கத்துக் கடலட்டைப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் படித்த ஆள் வேண்டும். அட்டைப் பண்ணைக்குச் சிறுதொழில் மீனவர்களிடம் எதிர்ப்பும் உண்டு. வேலைக்குப் போகுமுன் அவர்கள் பக்கத்தையும் கேட்டுவிட்டுப் போங்கள், நாளைக்கு அவர்களோடுதான் பேச வேண்டிவரும்.

அப்புறம், நீந்தத் தெரியாதவர்கள் இப்போதே பழகுங்கள். முதலை இருக்கும் குளத்தில் மட்டும் வேண்டாம்.