"எல்லாம் நோட்டில் இருக்கு": உயில் சொத்தில் வாரிசுகள் சறுக்கும் இடங்கள்

அப்பா தன் உயிலில் பெரியப்பாவை எக்ஸிக்யூட்டராக (உயிலை நிறைவேற்றுபவராக) போட்டுவிட்டுப் போய்விட்டார். புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கடை வாடகை என்ன ஆச்சு என்று கேட்டால், "எல்லாம் நோட்டில் இருக்கு" என்கிறார். அந்த நோட்டை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் விசேஷ வீடுகளில் முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பெரியவரிடம் கணக்குக் கேட்பதா என்ற கூச்சம். ஆனால் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் (1925) 317-ஆவது பிரிவின்படி, புரொபேட் கிடைத்த 6 மாதத்துக்குள் சொத்து, கடன் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் அவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். செய்திருக்கிறாரா என்று முதலில் கோர்ட்டில் பாருங்கள். இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். தக்க காரணமின்றி வேண்டுமென்றே தாக்கல் செய்யவில்லை என்றால், 263-ஆவது பிரிவின்கீழ் புரொபேட்டையே ரத்து செய்யக் கேட்கலாம்.

அதற்காகக் காரியம் முடிந்த மூன்றாம் மாதமே பங்கைக் கொடு என்று சண்டைக்கு நிற்காதீர்கள். உயில் எழுதியவர் இறந்து ஓராண்டு ஆகும்வரை பங்கைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. கடன்களை அடைக்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கையெழுத்துதான். "இப்போதைக்கு 2 லட்சம் வச்சுக்கோ, இதில் ஒரு கையெழுத்துப் போடு" என்பார்கள். தாளின் கடைசி வரியைப் படியுங்கள்: "என் பங்கு முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை." பணத்தை வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. "பங்கில் ஒரு பகுதி, இறுதிக் கணக்குக்கு உட்பட்டு" என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், மாதம் ஒருமுறை ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பாருங்கள். உயிலில் தடை இல்லையென்றால் எக்ஸிக்யூட்டருக்குச் சொத்தை விற்கும் அதிகாரம் உண்டு; விற்றுவிட்டால் வாங்கியவரிடமிருந்து மீட்பது பெரும்பாடு. விற்கப்போகிறார் என்று தெரிந்தவுடனே இடைக்காலத் தடை கேட்க வேண்டும். சொத்தை முறைகேடாகக் கரைத்திருந்தால் அந்த நஷ்டத்தை அவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்கிறது 368-ஆவது பிரிவு.

ஆளையே மாற்ற வேண்டுமானால் 301-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தாமதம், முன்கோபம் என்று மட்டும் சொன்னால் எடுபடாது. வாடகை ரசீது, வங்கிக் கணக்கு விவரம் என்று கையில் காகிதம் வேண்டும். போலீசுக்கு ஓடுவது பொய்க் கையெழுத்து, பணக் கையாடல் போன்றவற்றுக்கு ஆதாரம் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.