இருநூறு கிலோ பைக்கை வீட்டில் தனியாக நகர்த்துவது எப்படி?

ராயல் என்ஃபீல்டு க்ளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. சூப்பர் மீட்டியர் 650 என்றால் 241 கிலோ. 112 கிலோ ஸ்ப்ளெண்டரில் பழகிய கைகள், புது வண்டி வீட்டுக்கு வந்த முதல் நாள் மாலையிலேயே திணறிவிடுகின்றன. சாலையில் சொன்னபடி கேட்ட வண்டி, வாசல் சரிவுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் முரண்டு பிடிக்கிறது. ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். தள்ளக் கற்றுக்கொடுப்பவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வண்டி நேராக நிற்கும்போது எடை முழுவதையும் இரண்டு டயர்களும் சுமக்கின்றன. உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பத்து டிகிரி சாய்ந்தால் ஹேண்டிலில் தோராயமாகப் பதினைந்து கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். முப்பது டிகிரி சாய்ந்தால் அது ஐம்பது கிலோவை நெருங்கிவிடும். ஆகவே உங்கள் வேலை எடையைத் தூக்குவது என்று நினைக்காதீர்கள். வண்டியைச் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

படி 1: தரையையும் காலையும் கவனியுங்கள்

வண்டியைத் தொடுவதற்கு முன் அது எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். வழியில் கிடக்கும் வாளி, செருப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். டைல்ஸ் தரையில் ஈரமோ எண்ணெய்த் துளியோ இருந்தால் துடையுங்கள். ரப்பர் செருப்புடன் தள்ளவே கூடாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். டயரில் காற்று குறைந்திருந்தால் தள்ளுவதற்கு ஆகும் பலம் கணிசமாகக் கூடும். அதையும் பார்த்துவிடுங்கள்.

படி 2: நிற்கும் விதம்

வண்டியின் இடது பக்கம், அதாவது சைடு ஸ்டாண்டு இருக்கும் பக்கம் நில்லுங்கள். இரண்டு கைகளும் ஹேண்டிலில். வலது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் முன் பிரேக் மேல் இருக்கட்டும். உங்கள் இடுப்பு டேங்கும் சீட்டும் சேரும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். வண்டியை விட்டு அரை அடி தள்ளி நின்று கையால் மட்டும் பிடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

வண்டியை நிமிர்த்தும்போது உங்கள் பக்கமாக மிக இலேசான சாய்வு இருக்கட்டும். வலப்பக்கம் சாய்ந்தால் பிடிக்க உங்களுக்கு அங்கே உடம்பே இல்லை. பிறகு ஸ்டாண்டை மடக்கி, நியூட்ரலில் போட்டு, கால்களாலும் இடுப்பாலும் தள்ளுங்கள். பின்னால் நகர்த்தும்போதும் ஹேண்டிலைப் பிடித்து இழுக்காமல் இடுப்பால் சீட்டை அழுத்தித் தள்ளுங்கள். பார்வை போகும் திசையில் இருக்கட்டும்.

ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சரியும். ஹேண்டிலை நேராக்கிவிட்டு, மெதுவாகப் பிடியுங்கள்.

படி 3: வாசல் சரிவு

சாக்கடைக்கு மேல் கட்டியிருக்கும் சிமென்ட் சரிவுதான் பெரும்பாலான வண்டிகள் விழும் இடம். ஏற்றுவதற்குத் தள்ள வேண்டாம். உட்கார்ந்து, முதல் கியரில் மெதுவாக ஓட்டி ஏற்றுங்கள். உள்ளே போனதும் இன்ஜினை அணைத்துவிடுங்கள்; மூடிய இடத்தில் புகை நச்சு.

பின்பக்கமாக இறக்குவதில்தான் ஆபத்து இருக்கிறது. வண்டி பின்னோக்கி இறங்கும்போது எடை பின் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. முன் டயரில் பிடிமானம் குறைகிறது. நீங்கள் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தாலும் டயர் சுழலாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். ஒரு மழைக்கால மாலையில், பாசி படிந்த எங்கள் வீட்டுச் சரிவில் என் வண்டி இப்படித்தான் விழுந்தது. பிரேக் பிடித்தும் ஏன் நிற்கவில்லை என்பது எனக்கு அன்று புரியவில்லை.

இதற்கு வழி இன்ஜினில் இருக்கிறது. இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளட்சைக் கொஞ்சம் விட்டால் இன்ஜின் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் வண்டி நகரும். ஒரு சாண், நிறுத்தம், மறுபடி ஒரு சாண். இதைச் சமதரையில் பத்து முறை பழகிவிட்டுச் சரிவுக்குப் போங்கள். முதல் சில நாட்கள் வீட்டில் யாராவது வலப்பக்கம் நின்று பின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு வரட்டும்.

சரிவிலேயே நிறுத்த நேர்ந்தால் முன் சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும், முதல் கியரில் இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் வண்டி முன்னே உருளும்போது சைடு ஸ்டாண்டு தானாக மடங்கிவிடும்.

படி 4: சென்டர் ஸ்டாண்டு

இதற்குக் கைப்பலம் தேவையில்லை. இடது கையால் ஹேண்டிலைப் பிடித்து வண்டியை நிமிர்த்துங்கள். வலது கை பின் கைப்பிடியில். வலது காலால் ஸ்டாண்டை இறக்கி, அதன் இரண்டு கால்களும் தரையைத் தொடுவதை உணரும்வரை வண்டியை இலேசாக இருபுறமும் அசையுங்கள். பலரும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். இரண்டு கால்களும் பட்டால் வண்டி தானாகவே நேராக நிற்கும். அதன்பின் உங்கள் முழு எடையையும் அந்த ஒற்றைக் காலில் இறக்கி மிதியுங்கள். வலது கை வழிகாட்டினால் போதும். வண்டி பின்னோக்கி ஏறிக்கொள்ளும். அப்படியும் முடியாவிட்டால் பின் டயரை அரை அங்குலப் பலகைமேல் ஏற்றிவிட்டுச் செய்யுங்கள், வித்தியாசம் தெரியும்.

இறக்கும்போது சைடு ஸ்டாண்டை முன்பே விரித்துவைத்துவிட்டு முன்னால் தள்ளுங்கள்.

படி 5: குறுகிய இடத்தில் திருப்புவது

சைடு ஸ்டாண்டையே அச்சாக வைத்து வண்டியைச் சுழற்றுவதைச் சிலர் செய்து காட்டுவார்கள். புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மொத்த எடையும் ஒரு சிறிய இரும்புக் காலிலும் அதைப் பிடித்திருக்கும் சட்டத்திலும் இறங்குகிறது. முன்னும் பின்னுமாக நான்கைந்து முறை நகர்த்தித் திருப்புவது நேரம் எடுக்கும், ஆனால் பத்திரமானது. தினமும் திருப்ப வேண்டுமென்றால், கீழே சுழலும் சக்கரங்கள் வைத்த இரும்புப் பலகையை வெல்டிங் பட்டறையில் செய்து வாங்குங்கள். சக்கரங்கள் தாங்கும் எடை வண்டியின் எடையைவிட நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும். பூட்டும் வசதியும் வேண்டும். வழவழப்பான சமதரையில் மட்டுமே இது பயன்படும்.

படி 6: விழுந்துவிட்டால்

வேகமாகச் சரியத் தொடங்கிய வண்டியைப் பிடிக்க முயலாதீர்கள். கைவிட்டுவிட்டு விலகுங்கள். இண்டிகேட்டரை மாற்றிக்கொள்ளலாம், முதுகெலும்பை மாற்ற முடியாது.

இன்ஜினை அணையுங்கள். பெட்ரோல் கசிகிறதா, சைலன்சர் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன் சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிமிர்ந்த வண்டி மறுபக்கம் விழும். முடிந்தால் முதல் கியரில் போடுங்கள். முன் டயரின் முன்பகுதி தரையைப் பார்க்கும்படி ஹேண்டிலை முழுவதும் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் பின்புறத்தை ஒட்டிக் குந்துங்கள். ஒரு கை கீழே இருக்கும் ஹேண்டில் பிடியில், மறு கை பின் கைப்பிடியில். முதுகை வளைக்காமல், தொடைப் பலத்தால் எழுந்து, சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடங்கள்.

நிமிர்ந்ததும் ஸ்டாண்டில் நிறுத்தி, கிளட்ச், பிரேக் பிடிகள் வளைந்திருக்கின்றனவா, கீழே எண்ணெய் சொட்டுகிறதா என்று பாருங்கள். சில நிமிடங்கள் கழித்தே ஸ்டார்ட் செய்யுங்கள்.