சம்பள உச்சவரம்பு உயராத காலத்தில் ஹாக்கி அணி கட்டுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில் 2019-20 சீசனுக்கு ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 81.5 மில்லியன் டாலர். அடுத்த சீசனிலும் அதே 81.5. அதற்கடுத்ததிலும் அதேதான். பிறகு 82.5, 83.5 என்று ஆண்டுக்கு ஒரு மில்லியன் மட்டும் நகர்ந்தது. கோவிட் வந்து அரங்கங்கள் காலியானதும் லீகின் வருமானம் விழுந்தது. வருமானத்தை வீரர்களும் உரிமையாளர்களும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். வீரர்கள் கைக்குப் போன சம்பளமோ அவர்களுடைய பாதியைத் தாண்டிவிட்டது. அந்தக் கடன் தீரும்வரை வரம்பு இப்படித்தான் ஊர்ந்துபோகும் என்று 2020 ஜூலையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

டொராண்டோவில் நண்பர்களோடு ஒரு மேனேஜர் லீக் நடத்துகிறேன். ஆளுக்கு ஓர் அணி. வீரர்கள், ஒப்பந்தங்கள், உச்சவரம்பு எல்லாம் என்எச்எல்லில் உள்ளபடியே. பைஅவுட் செய்தால், அதாவது மிச்சச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வீரரின் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்தால், அதன் சுமையும் வரம்புக் கணக்கில் அப்படியே ஏறும். புதிதாகச் சேருகிறவர்கள், பழையவர்கள் நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பட்டியலில் 23 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, வரம்பைத் தாண்டக்கூடாது என்பதையெல்லாம் விதிகளே சொல்லிவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சம்பளத்தை டாலரில் மட்டும் பார்ப்பது

ஜான் டவாரெஸ் 2018 ஜூலையில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியோடு ஏழு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 11 மில்லியன் என்று கையெழுத்திட்டார். அந்த சீசனின் வரம்பு 79.5. அதாவது அணியின் மொத்த இடத்தில் 13.8 சதவீதம். ஆண்டுகள் போகப் போக வரம்பு உயரும், இந்தச் சதவீதம் தானாகக் குறையும் என்பதுதான் எல்லாருடைய கணக்கும். அதைத் தவறென்று சொல்ல முடியாது. 2005-06ல் 39 மில்லியனில் தொடங்கிய வரம்பு அதற்குள் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. ஆனால் ஐந்தாவது ஆண்டிலும் அவர் 13.3 சதவீதத்திலேயே நின்றார்.

அவரோடு ஆஸ்டன் மேத்யூஸ், மிட்ச் மார்னர், வில்லியம் நைலாண்டர் மூவரையும் சேர்த்தால் நான்கு பேருக்கு 40 மில்லியனுக்கு மேல். 81.5ல் ஏறத்தாழப் பாதி. நால்வரும் அந்தச் சம்பளத்துக்குத் தகுந்தவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நொறுங்கியது அவர்களைச் சுற்றி இருக்க வேண்டிய அணி. 2021ல் சாக் ஹைமன் 5.5 மில்லியனுக்கு எட்மன்டன் போய்விட்டார். அங்கே 2023-24ல் 54 கோல் அடித்தார்.

எந்த ஒப்பந்தத்தையும் வரம்பின் சதவீதமாக எழுதிப் பாருங்கள். வரம்பு அப்படியே நின்றால் என்ன ஆகும் என்று இன்னொரு வரியும் எழுதுங்கள்.

ஓராண்டுச் சிக்கலைக் கொடுத்து ஆறாண்டுச் சிக்கலை வாங்குவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

போன கோடையில் லீகில் சேர்ந்த ஒரு தம்பி இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். "அண்ணா, இந்த மூணு பேரும் இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. மூணு பேரையும் எடுத்துக்கிட்டு ஒரு நல்ல டிஃபென்ஸ்மேனைத் தர்றேங்கிறார். பண்ணிடட்டுமா?" அந்த மூன்று பேருக்கும் ஒப்பந்தத்தில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு வருஷம் என்றார். வருகிறவருக்கு? ஐந்து வருஷம். வேண்டாம் என்றேன். மறுநாள் காலையில் வர்த்தகம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

வான்கூவர் கனக்ஸ் 2021 ஜூலையில் செய்தது இதையேதான். அவர்களிடம் லூயி எரிக்சன் 6 மில்லியன், ஜே பீகில் 3 மில்லியன், அன்ட்வான் ரூசெல் 3 மில்லியன் என்று மூன்று ஒப்பந்தங்கள் இருந்தன. மொத்தம் 12 மில்லியன். மூன்றுமே 2022 கோடையில் தாமாகவே முடிந்துவிடும். ஆனால் 2021 கோடையிலேயே எலியாஸ் பெட்டர்சன், குயின் ஹியூஸ் இருவருக்கும் புது ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. வரம்போ அசையவில்லை. நெருக்கடி உண்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூவரையும் அரிசோனா கயோட்டீஸ் எடுத்துக்கொண்டது. கூடவே 2021 டிராஃப்டின் (அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஒன்பதாவது தேர்வும் போனது. அதில் அரிசோனா எடுத்தவர் டிலன் குந்தர். பதிலுக்கு வான்கூவருக்கு வந்தவர்கள் கானர் கார்லண்டும் ஆலிவர் எக்மன்-லார்சனும். கார்லண்ட் நல்ல ஆட்டக்காரர், அவரைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. ஆனால் எக்மன்-லார்சனுக்கு அந்த மாதம்தான் 30 வயது முடிந்திருந்தது. அவருடைய 8.25 மில்லியன் ஒப்பந்தத்தில் இன்னும் ஆறு ஆண்டுகள் மிச்சம். அரிசோனா 12 சதவீதத்தைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டதால் வான்கூவருக்கு ஆண்டுக்கு 7.26.

இந்த இடத்தில் நான் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு ஒன்று உண்டு. மில்லியனை ஆண்டால் பெருக்குங்கள். கொடுத்தது 12 மில்லியன், ஓர் ஆண்டு: 12. வாங்கியது 7.26 மில்லியன், ஆறு ஆண்டு: 43.56. கைமாற்றாக வாங்கிய கடனை அடைக்க மீட்டர் வட்டிக்காரரிடம் போவது போன்ற வேலை இது. முதல் வாரம் நிம்மதியாகத்தான் இருக்கும்.

இரண்டு சீசன் போனது. இரண்டிலும் வான்கூவர் பிளேஆஃபுக்கு (லீக் ஆட்டங்களுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) போகவில்லை. 2023 ஜூனில் எக்மன்-லார்சனை பைஅவுட் செய்தார்கள். நான்கு ஆண்டு மிச்சம் இருந்ததால் சுமை அதன் இரு மடங்கான எட்டு ஆண்டுகளுக்குப் பரவியது. முதல் ஆண்டு 0.15 மில்லியன்கூட இல்லை. இரண்டாவது ஆண்டு 2.35. பிறகு 2025-26லும் 2026-27லும் தலா 4.77. அதன் பிறகு 2030-31 வரை ஆண்டுக்கு 2.13. ஆடிய இரண்டு ஆண்டுகளையும் இதையும் கூட்டினால் ஏறத்தாழ 35 வருகிறது. 12ஐத் தவிர்க்கப் போய் 35. அவரோ ஃப்ளோரிடா பாந்தர்ஸ் அணியில் 2.25 மில்லியனுக்குச் சேர்ந்து 2024ல் லீகின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. ஓர் ஆண்டு பொறுத்திருக்கலாம். பொறுக்கவே முடியாதென்றால், விலையை டிராஃப்ட் தேர்வாக மட்டும் கொடுத்து முடித்திருக்கலாம். டொராண்டோ 2019ல் பேட்ரிக் மார்லோவின் 6.25 மில்லியனைக் கழற்ற கரோலினாவுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. அந்தத் தேர்வில் கரோலினா சேத் ஜார்விஸை எடுத்தது. வலிக்கும் விலைதான். ஆனால் டொராண்டோவின் கணக்குப் புத்தகத்தில் மார்லோவின் பெயர் அன்றோடு தீர்ந்தது, ஆண்டுக்கு ஆண்டு தொடரவில்லை.

நிஜ அணிகளில் இந்தத் தவறு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. இந்த ஆண்டு தோற்றால் வேலை போய்விடும் என்று பயப்படும் மேனேஜருக்கு ஆறாவது ஆண்டு வேறொருவரின் ஆண்டு. வான்கூவரில் அந்த வர்த்தகத்தைச் செய்த ஜிம் பென்னிங் 2021 டிசம்பரில் நீக்கப்பட்டார். பைஅவுட் செய்தது அடுத்து வந்த நிர்வாகம். எங்கள் லீகில் யாரும் யாரையும் வேலையைவிட்டு அனுப்புவதில்லை. ஆறாவது ஆண்டிலும் அதே அணியோடு நீங்கள்தான் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தத் தம்பிக்கு ஐந்து வருஷம் காத்திருக்கிறது.

பைஅவுட் செய்தால் முடிந்தது என்று நினைப்பது

மினசோட்டா வைல்ட் 2012 ஜூலை 4 அன்று சாக் பரீஸே, ரயன் சூட்டர் இருவரையும் தலா 13 ஆண்டு, 98 மில்லியன் என்று ஒப்பந்தம் செய்தது. 2021ல் இருவரையும் ஒரே நாளில் பைஅவுட் செய்தது. ஆடாத இருவருக்காக வரம்பிலிருந்து போனது: முதல் ஆண்டு 4.74 மில்லியன், அடுத்து 12.74, பிறகு இரண்டு ஆண்டுகள் 14.74. நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அது 1.67க்கு இறங்கியது. அதுவும் 2028-29 வரை இருக்கும்.

ஏன் இவ்வளவு? அந்த ஒப்பந்தங்களில் பணத்தின் பெரும்பகுதி முன் ஆண்டுகளிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. பின் ஆண்டுகளில் நிஜச் சம்பளம் குறைவு, ஆனால் வரம்புக் கணக்கில் ஏறுவது 13 ஆண்டுச் சராசரி. பைஅவுட் மிச்சப்படுத்துவது நிஜச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான். சம்பளமே குறைவாக இருக்கும் ஆண்டில் மிச்சமாவதற்கு என்ன இருக்கிறது?

அந்தச் சுமைதான் ஒரே சீசனில் 85 புள்ளி (அடித்த கோல்களும் அடிக்க உதவிய கோல்களும் சேர்த்து) எடுத்த கெவின் ஃபியாலாவை 2022ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்ப வைத்தது. ஆனாலும் மினசோட்டாவின் முடிவை நான் தவறென்று சொல்லமாட்டேன். என்ன வரப்போகிறது என்று தெரிந்தே செய்தார்கள். ஃபியாலாவுக்குப் பதிலாக பிராக் ஃபேபரை வாங்கினார்கள், அவர் இன்று அணியின் முதுகெலும்பு. பைஅவுட் பொத்தானை அழுத்தும் முன் ஆண்டுவாரியான பட்டியலை எழுதிவைக்காமல் இருப்பதைத்தான் தவறு என்கிறேன்.

மைனர் லீகுக்கு அனுப்பினால் சம்பளம் மறைந்துவிடும் என்பது

மறையாது. லீகின் குறைந்தபட்சச் சம்பளமும் அதற்கு மேல் 375,000 டாலரும் மட்டுமே வரம்புக் கணக்கிலிருந்து கழியும்.

முப்பதைத் தாண்டியவருக்கு நீண்ட ஒப்பந்தம்

கடைசி மூன்று ஆண்டுகளை இன்றே நஷ்டக் கணக்கில் எழுதிப் பாருங்கள். எழுத மனம் வரவில்லையா, கையெழுத்தும் வேண்டாம்.

நீண்டகாலக் காயப் பட்டியலை நம்பித் திட்டமிடுவது

நீண்ட காலம் ஆட முடியாத வீரரை இந்தப் பட்டியலில் வைத்தால், அவருடைய சம்பள அளவுக்கு அணி வரம்பைத் தாண்டிச் செலவழிக்கலாம். டாம்பா பே 2020-21ல் செய்ததை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு லீக் ஆட்டங்கள் முழுவதும் வெளியே இருந்தார். பிளேஆஃபில் வரம்புக் கணக்கு இல்லாததால் அப்போது திரும்பி வந்து 32 புள்ளிகள் எடுத்தார், கோப்பையும் வந்தது. சரி, அந்தக் கோடையில் என்ன நடந்தது? யானி கூர்ட், பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ, டைலர் ஜான்சன் நால்வரும் போனார்கள். ஜான்சனை எடுத்துக்கொள்ள சிகாகோவுக்கு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த வாசலும் இல்லை. 2025-26 முதல் பிளேஆஃபிலும் களமிறங்கும் வீரர்களின் சம்பளம் வரம்புக்குள் இருக்க வேண்டும்.

மற்றவர்கள் கைவிடும் வீரர்களைக் கவனிக்காமல் இருப்பது

வரம்பு நின்றுபோனால் நட்சத்திரங்களின் சம்பளம் குறையாது. கீழே குறைந்தபட்சச் சம்பளக்காரர்களும் இருப்பார்கள். நசுங்குவது நடுவில் இருப்பவர்கள். அணிகள் தங்கள் இளம் வீரர்களுக்கே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வாய்ப்பைத் தராமல் விட்டன. புதியவர்கள் பெரிய பெயர்களை மட்டும் துரத்திக்கொண்டு இந்தச் சந்தையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஃப்ளோரிடா பார்த்தது. டாம்பா 2020ல் கோப்பை வென்ற கையோடு கார்ட்டர் வெர்ஹேகேயை விட்டுவிட்டது. ஆண்டுக்கு ஒரு மில்லியனுக்கு ஃப்ளோரிடா எடுத்துக்கொண்டது. 2023ல் பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், ஓவர்டைமில் வெற்றி கோலை அடித்தவர் அவர்தான். குஸ்டாவ் ஃபோர்ஸ்லிங்கை 2021 ஜனவரியில் கரோலினாவின் வேவர்ஸ் பட்டியலிலிருந்து (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று விடப்படும் வீரர்கள்) எதுவும் கொடுக்காமல் எடுத்தார்கள். இருவரும் 2024, 2025 இரண்டு கோப்பைகளிலும் முக்கியமானவர்கள். அடுத்த அணி எந்த நடுத்தர வீரரை விடப்போகிறது என்று ஜூன் மாதத்திலேயே பட்டியல் போட்டுவையுங்கள். ஆனால் அதற்கு உங்கள் கையில் ஒன்றிரண்டு மில்லியன் காலியாக இருக்க வேண்டும்.

இளம் வீரர்களுக்கு இடம் வைக்காமல் கோடையில் செலவழிப்பது

எட்மன்டன் ஆயிலர்ஸ் 2024 கோடையில் வெளியிலிருந்து வீரர்களை வாங்கி இடத்தை நிரப்பியது. பிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலோவே இருவரின் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. இவர்கள் எங்கே போகப்போகிறார்கள் என்ற நினைப்பு. ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் இருவருக்கும் ஒரே நாளில் ஆஃபர் ஷீட் (வேறோர் அணியின் வீரருக்கு நேரடியாக நீட்டும் ஒப்பந்தம்) கொடுத்தது: ஒருவருக்கு 4.58 மில்லியன், மற்றவருக்கு 2.29. ஏழு நாளில் அதே தொகையைத் தர வேண்டும், இல்லையேல் வீரர் போவார். எட்மன்டன் ஈடுகொடுக்கவில்லை. முதல் சுற்றில் எடுத்த இரண்டு பேருக்குப் பதிலாகக் கிடைத்தது ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும். அடுத்த சீசனில் ஹாலோவே 26 கோல் அடித்தார்.

வரம்புதான் உயர்கிறதே, இனி என்ன என்பது

2025-26க்கு வரம்பு 95.5 மில்லியன். 2026-27க்கு 104, 2027-28க்கு 113.5 என்று லீக் முன்கூட்டியே அறிவித்திருக்கிறது. இதைப் பார்த்ததும் எங்கள் லீகில் எல்லாரும் எட்டாண்டு ஒப்பந்தங்களுக்கு விலை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். 2019லும் இதே முகங்களைத்தான் பார்த்தேன்.

மினசோட்டா கிரில் கப்ரிசோவுக்கு 2026-27 முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 17 மில்லியன் கொடுக்கிறது. 104ல் அது 16.3 சதவீதம், 113.5ல் 15 சதவீதம். அறிவிப்பு வந்திருப்பது இந்த இரண்டு ஆண்டுகளுக்குத்தான், மிச்சம் ஆறு ஆண்டுகளுக்கு இன்னும் எந்த எண்ணும் இல்லை. இப்படி ஓர் ஒப்பந்தம் உங்கள் மேசைக்கு வரும்போது அந்த ஆறு ஆண்டுகளையும் 113.5லேயே நிறுத்திவைத்து, மீதி 22 பேரின் சம்பளத்தை அதன் கீழே எழுதிப் பாருங்கள். இடம் போதவில்லை என்றால் அந்த 17ஐப் பேசிக் குறையுங்கள், அல்லது ஆண்டுகளைக் குறையுங்கள்.